ஓரம் தளர்ந்த துணி

பஸ்ராவில் இருக்கும் அண்ணன் மாஹ்யாருக்கு, காசெரூனிலிருந்து தம்பி விந்தாத் அன்போடும் மரியாதையோடும் எழுதுவது. உன் புதுப் பெயரான ஸாலிம் என்று கேட்டால்தான் அங்கே உன் வீட்டைக் காட்டுவார்களாம். அதனால் மடிப்பின் மேலே அந்தப் பெயரைப் போட்டிருக்கிறேன். உள்ளே நீ மாஹ்யார்தான், கோபித்துக்கொள்ளாதே. நீயும் அண்ணியும், நான் இன்னும் முகம் பார்க்காத உன் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. நாய் கடித்துவிட்டது. எந்த இடத்தில் என்று நீயே யூகித்துக்கொள். நரைத்த தாடியோடு ஒரு மனிதன் தெருவில் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஊர் என்ன செய்யும்? ஊர் சிரித்தது. மற்றவர் வாயால் நீ கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம் என்று நினைத்தேன்.

கடித்தது நம் சியாதான். கண்ணுக்கு மேல் இரண்டு வெள்ளைப் பொட்டு இருக்குமே, அதன் பேரக்குட்டி. பெயர் மட்டும் பழையது. அதை அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. இவ்வளவு சொன்னால் உனக்குப் புரிந்திருக்கும். போனவர் முகத்தை நாய் வந்து பார்க்காமல் நம் வீட்டில் யாரையும் வெளியே எடுக்க மாட்டார்கள் என்பது ஆறு வருஷத்தில் மறந்திருக்காது.

அம்மா போய்விட்டாள், அண்ணா. இன்று பத்தாம் நாள்.

அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும், ஒட்டகக்காரன் ஷாதான் மூலம் நான் சொல்லி அனுப்பியதும் உனக்குத் தெரியும். ஆனால் எப்படிக் கேட்டாள் என்பதை ஷாதான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு வாடகையைத் தவிர எதுவும் நினைவில் நிற்பதில்லை. நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ வழி மாறிப் போன நாளிலிருந்து உன் பெயரை அவள் சொன்னதில்லை, “அந்த பஸ்ராக்காரன்” என்றுதான் சொல்வாள். அன்றும் அப்படித்தான். தான் போன நான்காம் விடியலில் படைக்கும் வெள்ளைத் துணி அந்த பஸ்ராக்காரன் தறியிலிருந்து வரவேண்டும் என்றாள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவன் இப்போது வேறு தொழுகை செய்கிறவன், புரோகிதர் நர்சே அந்தத் துணியைத் தொடவே மாட்டாரே என்றேன். “பேரை யார் வேணா வச்சுக்குடுப்பாங்க. கை நான் குடுத்ததுடா” என்றாள்.

அவளுக்கு எதிலும் பயம் இருந்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. செத்தவர்கள் கடக்கும் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது படைத்த துணி இல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் உடுத்தி நிற்க, தான் மட்டும் உடையில்லாமல் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம். அதிலும் அப்பாவின் அக்கா அங்கே இருக்கிறாள். அவள் வாய் உனக்குத் தெரியாதா?

சொல்லி அனுப்பிய பிறகு தினமும் மாலையில் என்னை ஊர்வாசலுக்கு விரட்டுவாள். ஒட்டக மணிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். நான் போய் வாயில்காவலனோடு ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்புவேன். இல்லையா என்பாள். இல்லை என்பேன். “நீ அங்க நின்னு பேசினா உனக்கு எப்படிடா மணி கேக்கும்?” என்பாள். அதுவும் நியாயம்தான். பிறகு பேசாமல் நின்று கேட்டேன்.

துணி வந்தது, அண்ணா. நீ அதைப் பற்றித்தான் முதலில் தேடுவாய் என்று தெரியும், நாய்க்கதையைச் சொல்லி இழுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். அவள் போவதற்கு முந்தின மாலை வந்தது. நீ மூலையில் உன் வழக்கப்படி நீல நூலில் முடிச்சுப் போட்டிருந்தாய். பத்து வயதில் முதல் துண்டு நெய்தபோது போட்ட அதே முடிச்சு. கண் சரியாகத் தெரியாததால் அம்மா துணியைக் கையால்தான் பார்த்தாள். முடிச்சில் விரல் நின்றது. பிறகு ஓரத்தை நீளத்துக்கும் தடவிக்கொண்டே போனாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மாஹ்யார் நெய்ததுதான். ஓரம் எப்படித் தளர்ந்து கிடக்கு பாரு. பொண்ணு பெத்துட்டான், இன்னும் ஊடை நூலை இழுத்துக் கட்டத் தெரியல.”

பெயரைச் சொன்னாள். நன்றாகப் படித்துக்கொள். பெயரைச் சொன்னாள். துணியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். விடியும்போது போய்விட்டாள். துன்பப்படவில்லை.

இனி நாய். புரோகிதர் வந்துவிட்டார், சுமக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், சியாவை மட்டும் காணவில்லை. தினமும் தன் ரொட்டியில் பாதியை அதற்குப் போட்டவள் அம்மா. அதற்கு என்ன தெரிந்ததோ, தறிக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. நான் ரொட்டியைக் காட்டினேன், கெஞ்சினேன், பிறகு நாலு காலில் தவழ்ந்து உள்ளே போய் இழுத்தேன். அது நழுவி என் பின்னால் வந்து வேலையைக் காட்டிவிட்டது. நான் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓட, அது என்னைத் துரத்துவதை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போய் நின்றது. பார்த்தது. எல்லோரும் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தது. புரோகிதருக்குத் திருப்தி. இவ்வளவு சரியாகப் பார்த்த நாயைத் தான் கண்டதில்லை என்றார். என் இரத்தத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

நம் வழக்கப்படி குன்றின் மேலே, பறவைகள் வரும் திறந்தவெளியில் கொண்டுபோய் வைத்தோம். காற்று நன்றாக இருந்தது.

நான்காம் விடியலில் துணியைப் படைத்தோம். புரோகிதர் நர்சேயைப் பற்றி உனக்குத் தெரியும், மந்திரத்தில் ஒரு சொல் விட்டாலும் விடுவார், துணியின் விலை விஷயத்தில் விடமாட்டார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். யார் தறியில் நெய்தது என்று கேட்டார். நம் வீட்டுத் தறிதான் என்றேன். பஸ்ராவிலிருந்து ஏதோ வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு அடிபட்டதே என்று இழுத்தார். “ஊர் எதைத்தான் பேசல ஐயா. நெய்தது இந்த வீட்டுக் கை. நெருப்புக்கு முன்னாலேயே சொல்றேன்” என்றேன். சொன்னதில் பொய் இல்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் படைத்தார். பொய் சொல்வதில் என் திறமை எவ்வளவு என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மா சொல்வாளே, “நீயெல்லாம் திருடவே லாயக்கில்லடா, மூட்டையை ஒளிச்சு வச்சுட்டுக் கயித்தை வாசல்லயே போட்டுட்டு வருவே” என்று. அன்று என் முகத்தில் கயிறு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. வழக்கப்படி துணி இப்போது புரோகிதர் வீட்டில். சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார். அவர் வயிற்றுக்கு அது பற்றவில்லை.

என் வீட்டுக்காரி மிஹ்ரக் என்னோடு பேசுவதில்லை. புத்தாண்டுக்கு உடுத்துவதற்காக நெய்து பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் காணவில்லை, நான்தான் எடுத்தேன் என்கிறாள். மனைவியின் பெட்டியில் எது குறைந்தாலும் வேறு யார் மேல் சந்தேகம் வரும்? அது தனிக்கதை, விடு. பேசாவிட்டாலும் சோற்றுக்குக் குறைவில்லை. மூன்று நாள் இறைச்சி இல்லாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் அவள் செய்த ஆட்டுக்கறியில் உப்பு இரண்டு பங்கு. தெரிந்தே போட்டாள். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. சணல் ஊறப்போட்ட கால்வாய் நாறுகிறது, எப்போதும் போல. நம் தெருவில் பாதி வீடு இப்போது உன் வழிதான். ஒருவருக்கொருவர் முகமன் சொல்வதில் எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் இருமிவிட்டுப் போகிறோம். வழி மாறாத நம் சனத்திடம் தலைவரி வாங்க வந்தவன் இந்த வருஷம் குனிந்து நின்று கொடுக்கச் சொன்னான். என்னால் நிமிர்ந்துதான் நிற்க முடிகிறது ஐயா, நாய்க்கடி என்றேன். பயந்துபோய், எட்டி நின்றே வாங்கிக்கொண்டான். நம் சனத்தில் நிமிர்ந்து நின்று வரி கொடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். சியாவுக்கு நன்றி.

ஒரு விஷயம் மட்டும் மனதில் கிடக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ போன அன்று நீ தண்ணீர் குடித்த மண்குவளையை அம்மா வாசலில் போட்டு உடைத்தாளே. அந்தச் சத்தத்தோடுதானே நீ தெருமுனை திரும்பினாய். மண்ணைக் கழுவினால் தீட்டுப் போகாது, உடைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த சந்தையிலேயே போய் ஒரு செம்புக் குவளை வாங்கிவந்தாள். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாடத்தில் வைத்தாள், ஒருவரையும் அதில் குடிக்க விட்டதில்லை. நான் ஒருமுறை எடுத்ததற்குக் கையில் அடித்தாள். எதற்கு இந்தக் குவளை என்று கேட்டேன். “செம்பு கழுவினா சரியாயிடும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் வேடிக்கை பேசுகிறவன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. குவளை மாடத்தில் அப்படியே இருக்கிறது. நீ வந்தால் உன் கையில் கொடுக்கிறேன்.

அழாதே, அண்ணா. இதைக் கையெடுத்துக் கேட்கிறேன். உன் புது வழியில் அழலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. நம் வழியில் கூடாது. இங்கே நாம் விடுகிற கண்ணீரெல்லாம் சேர்ந்து அங்கே ஆறாக ஓடும், போகிறவர்கள் அதைக் கடக்க முடியாமல் கரையில் நிற்பார்கள். அம்மாவுக்கு முழங்கால் வேறு சரியில்லை. அதனால்தான் நான் பத்து நாளாக இந்த வீட்டில் கோமாளியாக இருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாய்க்கடியைப் பற்றியே பேசி அனுப்பிவைத்தேன். யாரும் அழவில்லை. நானும் அழவில்லை. உன் பங்குக்கு நீயும் கண்ணைத் துடைத்துக்கொள். அவள் உன் துணியை உடுத்திக்கொண்டு, கால் நனையாமல், அத்தையின் முன்னால் நன்றாக நிமிர்ந்து நிற்கட்டும்.

உன் மகளை என் சார்பில் தூக்கிக் கொஞ்சு. அவளுக்குத் தறியில் உட்காரும் வயது வந்ததும் ஓரத்தை இழுத்துக் கட்டச் சொல்லிக்கொடு. உன் வீட்டு விளக்கு எந்தத் திசை பார்த்து எரிந்தாலும் அணையாமல் இருக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
விந்தாத்

ஒன்று விட்டுப்போயிற்று. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஷாதானை ஒரு வார்த்தையும் திட்டாதே. அவன் மேல் தப்பில்லை. தவ்வஜ் பக்கம் ஆற்றில் வெள்ளமாம், ஒட்டகத்தை இறக்க முடியாமல் அக்கரையிலேயே கிடந்திருக்கிறான். உன் துணி மூட்டையைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தானாம், ஒரு சொட்டு ஈரம் படவில்லை. பாவம், இன்று காலைதான் வந்து சேர்ந்தான்.