பிற்பகல் என்று எழுதப்பட்ட வெள்ளிக்கிழமை

நாகமலை புதுக்கோட்டை
புதன்கிழமை

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அப்பா சொல்லி அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி திவ்யாவும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறாள். எதற்கு இந்தக் காலத்தில் தபால் என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஒழுங்காகப் பேசவில்லை, உடம்பு சரியில்லையா என்று நீ மூன்று தடவை கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை தாயி, பயம். போனில் பேசினால் எந்த நாள் எத்தனை நிமிடம் பேசினோம் என்று கம்பெனிக்காரனிடம் இருக்குமாம், நாளைக்கு யாராவது அதை எடுத்துக் காட்டி அப்பனும் மகளும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொன்னால் உன் பேர் என்ன ஆகும். அதனால்தான் நான் செய்யப்போவதைச் செய்து முடித்த பிறகு உன் கைக்குக் கிடைக்கும்படி இதை அனுப்புகிறேன். கிழித்துப் போடாதே, தபால் முத்திரையோடு உறையையும் பத்திரமாக வை.

போன மாதம் நீ சந்தோஷமாகச் சொன்னாய், சென்னைத் தலைமை ஆபீசில் பதவி உயர்வுக்குப் புது விதி எழுதும் மூன்று பேரில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்று. நான் வாட்ச்மேனாகச் சேர்ந்து பியூனாக வெளியே வந்த அதே இலாகாவில் என் மகள் விதி எழுதுகிறாள் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அது சந்தோஷத்தில். மேலதிகாரி எழுதும் ரகசியக் குறிப்பை வைத்து ஆளை ஏற்றுவதும் இறக்குவதும் இனிமேல் கிடையாது என்றாய். அதுவும் எனக்குச் சரியென்றே பட்டது. சிம்மக்கல்லில் பழக்கூடை வாங்கிக்கொண்டு அதிகாரி வீட்டுக்குப் போனவர் மேலே போனதையும், போகாத சங்கிலி என்ற கிளார்க் பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் தேய்ந்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். பிறகு நீ சொன்னாய், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து மொத்தச் சர்வீசை எண்ணுவோம், இரண்டு பேருக்கு நாளும் ஒன்றாக இருந்தால் முற்பகலில் சேர்ந்தவர் மேலே, பிற்பகலில் சேர்ந்தவர் கீழே, அதுவும் ஒன்றென்றால் வயதில் மூத்தவர் மேலே, "அதுல மனுசக் கை எங்கயுமே நுழையாதுப்பா" என்று. நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நுழைந்திருக்கிறது தாயி. அது என் கை.

நம் மதுரை ஆபீசில் ஜெயக்கொடி என்று ஒரு அக்கா, உனக்குத் தெரியும், தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்து தரும். சவரியப்பனையும் தெரியும், என் பென்சன் காகிதத்துக்காக என்னை வண்டியில் வைத்து அலைந்தவர். இருவரும் சேர்ந்தது ஒரே நாள், தொண்ணூற்றாறாம் வருடம் ஆவணி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. தூறல் போட்டு வாசலெல்லாம் செருப்புச் சேறு. ஜெயக்கொடி செக்கானூரணி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நான் இன்னும் கதவைத் திறக்கவில்லை, மணி ஒன்பதரை. மஞ்சள் புடவை, பச்சைக் கரை, வேலை உத்தரவை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். மேனேஜர் ஐயா வந்து உட்கார்ந்து கையெழுத்துப் புத்தகத்தைக் கேட்கும்போது மணி பத்து முப்பத்தைந்து. "அண்ணே, இப்பப் போயிக் கையெழுத்துப் போட்டுரவா" என்று என்னிடம் கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தாயி, வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம் பெறந்துருச்சு, பன்னெண்டு வரைக்கும் பெஞ்சுல உக்காரு, ஒரு நாளா ரெண்டு நாளா, ஆயுசுக்கும் பாக்கப்போற உத்தியோகம்" என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணிக்குச் சவரியப்பன் நனைந்துகொண்டு ஓடிவந்தார், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், அவருக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, நேராக உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். பன்னிரண்டு அடிக்கும்போது மேனேஜர் ஐயா கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டார், திரும்பி வந்தது இரண்டு மணி.

இதுவரைக்கும் ஜெயக்கொடிக்குத் தெரியும். இதற்கு மேல் நடந்தது எனக்கும் செத்துப்போன அந்த மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும், உன் அம்மாவுக்கே முந்தாநாள்தான் சொன்னேன். புத்தகத்தை நான் உள்ளே கொண்டுபோனேன். அவர் பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து, "விருமாண்டி, இந்தப் பொண்ணு காலையிலயே வந்துருச்சோ?" என்று கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான், ஆபீசில் நாள் நட்சத்திரம் பார்த்து வேலையைக் கெடுக்கிறாய், இன்னொரு தடவை செய்தால் எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்று எல்லோர் முன்னாலும் என்னை வைதிருந்தார். எழுத்தில் கேட்டால் வேலைக்கே உலை வரும். நீ அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பயந்துபோய், "இல்ல சார், இப்பத்தான் வந்துச்சு" என்றேன். அவர் பிற்பகல் என்று எழுதினார். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் அவர் அதை எழுதிய விதம், பேனாவை மூடிய சத்தம், எல்லாம் அப்படியே இருக்கிறது. ரகசியக் குறிப்பு இருவருக்கும் சமமாகவே இருந்ததால், அந்த ஒரு சொல்லை வைத்தே ஒவ்வொரு பதவி உயர்விலும் சவரியப்பன் முன்னால் ஏற, இவள் இரண்டு வருடம் மூன்று வருடம் கழித்து அதே படியில் ஏறினாள். இப்போது சூப்பிரண்டு வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உன் புது விதிப்படி போடப்போகும் முதல் ஆள். சவரியப்பனுக்கு மூத்தவளான ஜெயக்கொடிக்கு வருகிற வைகாசியோடு சர்வீஸ் முடிகிறது. இது போனால் அவளுக்கு அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்தாள். வரிசைப் பட்டியல் மேல் ஆட்சேபணை இருந்தால் நாளை வியாழனுக்குள் கொடுக்க வேண்டுமாம். "அண்ணே, நான் காலையிலயே வந்து பெஞ்சுல இருந்தத நீங்க ஒருத்தர்தான் பாத்தீக, ஒரு கைநாட்டு மட்டும் வைங்கண்ணே" என்று காகிதத்தை நீட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "வயசாயிருச்சு தாயி, ஞாபகம் இல்ல" என்றேன். உள்ளே இருந்து உன் அம்மா, விவரம் தெரியாமல், "யாருக்கு, ஒங்களுக்கா ஞாபகம் இல்ல? நம்ம கல்யாணப் பந்தியில எங்க சித்தப்பன் எத்தன தடவ எலைய விரிச்சாருன்னு இன்னைக்கும் சொல்லிக் காட்டுற மனுசன்" என்று சிரித்தாள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு, "சரிண்ணே, என் நேரம் அம்புட்டுதான்" என்று எழுந்து போனாள். காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் சவரியப்பன் போன் செய்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மகள் டயானாவுக்குத் தை மாதம் கல்யாணம், "பத்திரிகையில என் பேருக்குக் கீழ சூப்பிரண்டுன்னு போடணும்ணே, இருபத்தொம்பது வருசமா இதுக்குத்தான பாத்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க மக கமிட்டியில இருக்கு. நீங்க போயிக் கைநாட்டு வச்சா அப்பனும் மகளுமாச் சேந்து ஜாதிக்காரிய ஏத்திவிட்டாகன்னு பேசுவாக. நான் பேசமாட்டேன், பேசுற வாய எப்பிடிண்ணே அடைக்கிறது" என்றார். அன்றிலிருந்து தெருவில் வண்டி நின்றால்கூட எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன். உன்னைக் கமிட்டியிலிருந்து தூக்கிவிடுவார்களோ, விசாரணை என்று இழுப்பார்களோ, என் பென்சனில் கை வைப்பார்களோ. இதெல்லாம் ஒரு பக்கம். நான் கொடுக்கப்போகும் மனுவில் என் கைநாட்டுக்கு மேலே எழுதியிருப்பதை ஜெயக்கொடி படிக்கும்போது, அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னார், நம் தலைவிதி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம்.

ஆனாலும் நாளைக்குப் போகிறேன். அவள் கொண்டுவந்த காகிதத்தில் காலையில் வந்தாள் என்பது மட்டும்தான் இருந்தது, அதில் வைத்தால் என் பொய் மறைந்துவிடும். அதனால் தனியாக ஒரு மனு அம்மாவை விட்டு எழுதச் சொன்னேன். பொய் சொன்னேன் என்ற இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பொய்யின்னுதான் போடணுமா, மறந்து சொல்லிட்டேன்னு போட்டா ஆகாதா" என்றாள். "மறதின்னு சொல்லித்தான அந்தப் பிள்ளைய வெறுங்கையோட அனுப்புனேன், எழுதுடி" என்றேன். எழுதினாள், எழுதிவிட்டு, "தனியாப் போயி மறுபடி உளறுவீக, நானும் வாரேன்" என்கிறாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு காளவாசலில் பஸ் மாறி ஏற வேண்டும், சொன்னால் கேட்கமாட்டாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டியல் மேல் வரும் ஆட்சேபணைகளையும் உங்கள் மூன்று பேரிடம்தான் அனுப்புவார்களாம், அந்த மனு உங்கள் மேசைக்கு வரும். வந்தால் அதைத் தொடாதே, இது என் அப்பா கொடுத்தது, இதில் நான் பேசக்கூடாது என்று மற்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அறையை விட்டு எழுந்து போய்விடு. அவர்கள் ஜெயக்கொடிக்குக் கொடுத்தாலும் சரி, சவரியப்பனுக்குக் கொடுத்தாலும் சரி, நீ ஏன் என்று கேட்காதே. ஆனால் இனிமேல் சேரப்போகிற பிள்ளைகளுக்கு நீ எழுதும் விதியில் ஒரு வரி சேர்க்க முடியுமா பார். எத்தனை மணிக்கு வந்தாய் என்று வந்தவரையே கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் கேட்கக் கூடாது. அவனுக்கு ஆயிரம் பயம் இருக்கும்.

மாப்பிள்ளையை வெளிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல். திவ்யா நன்றாகப் படித்து, யாருக்கும் அஞ்சாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசி. மறந்துவிடாதே, இதைப் படித்த உடனே என்னைக் கூப்பிடாதே. முதலில் உன் கூட இருக்கும் இரண்டு பேரிடமும் சொல்லிவிடு, அப்புறம் கூப்பிடு. திட்டுவதற்காக என்றாலும் கூப்பிடு. அதுவரைக்கும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா விருமாண்டி
(இடது கைப் பெருவிரல் ரேகை)
எழுதியது: அம்மா செல்லத்தாய்