பூஜை போட்ட கேபிள்

புரட்டாசி 11, சனி

காலையில் தூறல். புதுக் கரண்ட் காருக்குச் சார்ஜ் போடலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசனை. மழையிலும் போடலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. எழுதியவன் மழையில் நின்று போட்டுப் பார்த்தானா, தெரியாது. ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்கூட.

வீட்டில் போட முடியாது. கேபிளின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. எர்த் சரியில்லையென்றால் அதில் சிவப்பு எரியும். எங்கள் வீடு பழைய வீடு, எந்தப் பிளக்கில் சொருகினாலும் சிவப்பு. எங்கள் பனியன் யூனிட்டில் பச்சை. அதனால் வண்டிக்குச் சாப்பாடு யூனிட்டில், எங்களுக்கு வீட்டில். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் இரண்டுக்கும் நடுவே இரண்டு தெருதான்.

கிளட்ச் வண்டி எனக்கு வரவே இல்லை. மூன்று தடவை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மூன்று தடவையும் பாதியில் நின்றவள். இதில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, சத்தமும் இல்லை. ஐம்பது வயது தாண்டி ஒரு வண்டியை நானே ஓட்டுகிறேன். இப்படி எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

வீ.கா. (வீட்டுக்காரர். இனி இப்படித்தான் எழுதப் போகிறேன், சுருக்கம்) இன்றைக்கும் அதையே சொன்னார்: "ஒரு நாள் வழியில நின்னு எனக்குப் போன் பண்ணுனீன்னா, அன்னைக்கே வித்துப் போடுவேன். பாத்துக்க."

சரி என்று சொல்லித்தான் வாங்கினேன். சரி என்றே இன்றும் சொன்னேன்.

வாங்க: பொரி, கடலை, வாழைக்கன்று, கதம்பம், வைப்பர் துணி.

புரட்டாசி 12, ஞாயிறு

வெயில். கொமரலிங்கத்திலிருந்து தங்கை சரசு போன். மாவு மில் ரெடியாம். விஜயதசமி அன்று பத்தரைக்கு மேல் நல்ல நேரம்.

"நீ வந்து சுவிட்ச்சப் போட்டாத்தான் மில்லு ஓடும்க்கா. இல்லீன்னா கெடக்குட்டும்."

போனை வைத்த பிறகு சமையல்கட்டில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான், ஆனாலும் அழுகை.

சரசு மகள் கல்யாணத்துக்கு அவள் வீட்டுக்காரர் பழனியப்பன் எங்களைப் போனில் அழைத்துவிட்டார். நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அலைச்சலில் விட்டுப் போயிருக்கும். வீ.கா. அன்று சொன்னது: "சகலையாம் சகலை. போன்ல கூப்புட்டா போறதுக்கு நான் என்ன டாக்ஸியா?" அதோடு அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அவர் போகாததால் நானும் போகவில்லை. கூட்டிப் போக ஆளில்லை. பஸ்ஸில் போகலாம்தான். போனால் நான் தனியாகக் கோபித்துக்கொண்டு வந்ததாகப் பேசுவார்கள்.

இப்போது வண்டி இருக்கிறது.

ராத்திரி சோறு போடும்போது மெதுவாகச் சொன்னேன். "நேர்ல வந்து கூப்புட்டாங்களா?" என்றார். இல்லை. "அப்போ நீ போய்ட்டு வா. உனக்குத்தான் வண்டி இருக்குதே."

கிண்டலா, அனுமதியா? அனுமதி என்றே வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி 13, திங்கள்

திரையில் ஓர் எண் தெரியும். இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று. அந்த எண்ணைப் புரிந்துகொள்ளாமல் கொமரலிங்கம் போக முடியாது. இன்று பூராவும் அதே ஆராய்ச்சி.

ஏ.சி. போட்டால் குறைகிறது. நிறுத்தினால் உடனே ஏறுகிறது, குழந்தைக்கு மிட்டாய் காட்டினதுபோல. மேம்பாலம் ஏறும்போது மளமளவென்று இறங்குகிறது. மறுபக்கம் இறங்கும்போது கரண்ட் திரும்பிப் பேட்டரிக்குள் போகிறது! இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யூனிட்டில் செக்கிங் பார்க்கும் ஜெபாவை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பாலம் ஏறி இறங்கினேன்.

"எக்கா, அப்போ இறக்கமாப் பாத்துப் போனா சார்ஜே போடாண்டாம்லா?" என்றாள். தூத்துக்குடிக்காரி.

"திரும்பி வரும்போது ஏத்தமில்ல கண்ணு."

"ஆமா, அது ஒண்ணு இருக்குல்லா."

அவளுக்குச் சத்தமில்லாததுதான் பயமாம். "ஆளு வாரதே தெரியலியே. பின்னால வந்து நின்னா பேய்தான்னு நெனப்பாவ." தெருநாய்களும் அதே கட்சி. எழுந்திருப்பதே இல்லை. ஆரன் அடித்தால் என்னைத்தான் முறைக்கின்றன.

புரட்டாசி 14, செவ்வாய்

பல்லடம், உடுமலை, அங்கிருந்து கொமரலிங்கம். எழுபத்தைந்து கி.மீ. சொச்சம். நிறையச் சார்ஜ் இருந்தால் போய்விட்டுத் திரும்பியும் வரலாம். எதற்கும் இருக்கட்டும் என்று பல்லடம் தாண்டி ஓர் ஓட்டலில் சார்ஜர் இருப்பதைப் போனில் பார்த்து வைத்தேன்.

சாயங்காலம் வாழைக்கன்றுக்கும் பூவுக்கும் டவுனுக்கு நான்கு நடை. சார்ஜ் பாதிக்குக் கீழே. நாளை ராத்திரி போட்டால் விடிய நிறைந்துவிடும்.

யூனிட் கழுவல். ஓவர்லாக் மிஷின்களுக்கு எண்ணெய் துடைப்பு. பஞ்சுத்தூசியில் தும்மல்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

யூனிட்டே மஞ்சள் வாசனை. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல், இஞ்ச் டேப், கட்டிங் கத்தி எல்லாம் சாமி முன்னால். வண்டிக்கு மாலை. சார்ஜ் கேபிளையும் விடவில்லை, அந்தச் சின்னப் பெட்டிக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன். வீ.கா. பார்த்துச் சிரித்தார். அது சிரிப்பா என்று உறுதியில்லை, மீசை கொஞ்சம் அசைந்தது.

பொரி கொடுத்து எல்லாரையும் அனுப்பின பிறகு வண்டியில் கேபிளைச் சொருகினேன். பச்சை. திருப்தி. கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். கால் வலி. நாளைக்கு மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை.

புரட்டாசி 16, வியாழன். காலை. பல்லடம் தாண்டி, ஓட்டல் வாசல்

யோசிக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு யூனிட்டைத் திறந்தேன். கேபிள் அப்படியே சொருகியிருக்கிறது. பெட்டியில் விளக்கே இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நிமிர்ந்து மெயினைப் பார்த்தேன். கைப்பிடி கீழே இறங்கி, குங்குமத்தோடு.

நான்தான். வேறு யாருமில்லை. வருஷா வருஷம் பூஜை முடிந்து கடைசியாக மெயினை அணைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வருவது என் கை. மிஷினுக்கெல்லாம் ஓய்வு. விஜயதசமி லீவு கழிந்து மறுநாள் நல்ல நேரத்தில் வீ.கா. வந்து மறுபூஜை போட்டு ஏற்றுவார். இந்த வருஷமும் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. அந்த மெயினில்தான் வண்டியும் தூங்குகிறது என்று கைக்கு எப்படித் தெரியும்?

மெயினைப் போடக் கையைத் தூக்கினேன். முடியவில்லை. மறுபூஜைக்கு முன்னால் நான் போட்டேன் என்றால், அடுத்த வருஷம் வரைக்கும் எந்த ஊசி உடைந்தாலும் என் தலையில்தான். அப்படியே போட்டாலும் இந்தப் பிளக்கில் நிறைய ராத்திரி பூராவும் வேண்டும்.

திரையில் 81. போய்ச் சேரலாம், மிச்சம் ஒன்றும் இருக்காது. வீ.கா.விடம் சொன்னால் போக வேண்டாம் என்பார். பிடுங்கிவிட்டுக் கிளம்பினேன். ஓட்டல் சார்ஜர்தான் கதி என்று வந்தால்,

சார்ஜருக்கு மாலை. துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கைப்பிடிக்குச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

வாட்ச்மேன் கையைப் பிசைந்தார். "பூஜையில வெச்சதுங்கம்மா. மொதலாளி பத்தரைக்கு மேல வந்து எடுத்துக் குடுத்தாருன்னா தானுங்க…"

"நீங்க எடுத்துத் தர மாட்டீங்களா?"

"நீங்களே சொல்லுங்கம்மா, எடுக்கலாமுங்களா?"

எடுக்கக் கூடாது. எனக்கே தெரியும். நானும் அந்தக் கூட்டம்தானே. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். இங்கே காத்திருந்தால் மில் ஓடாது. திரும்பினால் வீ.கா. ஜெயித்தார்.

இப்போது திரையில் 62. போகிறேன்.

அதே நாள், மதியம். சரசு வீடு

வந்துவிட்டேன்!

ஏ.சி. இல்லை. பட்டுச் சேலையில் வெந்த இட்லி நான். நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் லாரிக்காரர்கள் திட்டியது காதில் விழவில்லை, வாயசைவில் தெரிந்தது. ஒரு பெரியவர் மொபெட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது என்ன ஆச்சோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். உடுமலைக்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள், கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றுகின்றன. அத்தனை கரண்ட்! எனக்கு ஒரு சொட்டு இல்லை. கோபம்கூட வந்தது.

உடுமலை தாண்டினதும் எண் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. பயம்தான். ஆனால் இது எதுவரை போகும், அப்புறம் என்ன காட்டும் என்று ஓர் ஆசையும். கொமரலிங்கம் பலகை தெரிந்தபோது எண்ணே காணோம். வெறும் இரண்டு கோடு. சரசு வீட்டுத் தெருவில் வண்டி தானாகவே ஆமை நடைக்கு இறங்கிவிட்டது. நடந்து வந்தவர்கள் முந்திப் போனார்கள்.

மில் வாசலில் சரசு நின்றுகொண்டிருந்தாள். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஐயர் கிளம்பத் தயார். அவள் விடவில்லையாம்.

"வந்துட்டியாக்கா?" அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று அணைத்த கை இன்று போட்டது. மில் முதலில் உறுமி, பிறகு சீராக ஓடியது. முதல் மாவு மஞ்சள். ஊரே தும்மியது. பழனியப்பன் கண்ணைத் துடைத்தார், மஞ்சள் தூள் பட்டுவிட்டதாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு. மில்லில் புதுசாகப் போட்ட பிளக், எர்த்தும் புதுசு. பழனியப்பனே சொன்னார், "இங்க போடுங்கக்கா, ராத்திரி தங்கிட்டுக் காலையில போலாமுங்க." டிக்கியைத் திறந்தேன். பொரி மூட்டை. குடை. வைப்பர் துணி.

கேபிள் இல்லை.

யூனிட் சுவரில் தொங்குகிறது, நான் வைத்த பொட்டோடு.

இந்த வண்டி உடுமலை வரைகூடப் போகாது. இழுத்துப் போக ஆள் வர வேண்டும், இல்லை கேபிள் வர வேண்டும். கேபிள் வர வேண்டுமென்றால் வீ.கா.வுக்குப் போன். போன் பண்ணினால் வண்டி போச்சு. வண்டி போனால் நான் மறுபடியும் கூட்டிப் போக ஆளில்லாதவள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சரசு எதிரே உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள்.

அதே நாள், சாயங்காலம்

பழனியப்பன் என்னைக் கேட்கவில்லை. வாசலில் நின்று அவரே அழைத்துவிட்டார்.

"அண்ணா… நான் பழனியப்பன் பேசறனுங்ணா… ஆமாங்ணா… இல்லீங்ணா, அக்கா நல்லாத்தான் இருக்கறாங்க, வண்டிக்குக் கேபிளுங்ணா… யூனிட்லயே மாட்டிக் கெடக்குதாமா… நீங்க வந்தீங்கன்னா…"

பேச்சு நின்றது. அவர் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "வெச்சுட்டாருங்க்கா."

வைத்துவிட்டார் என்றால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சரசு காப்பி கொண்டு வந்தாள். குடிக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் எங்கள் பழைய டீசல் வண்டிச் சத்தம். அதற்குச் சத்தம் உண்டு, தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. வீ.கா. இறங்கினார். தோளில் கேபிள், பாம்பாட்டி மாதிரி. பெட்டியில் பொட்டு கலையவில்லை.

மில் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அப்புறம் சரசு, "வாங்க மாமா" என்றாள். பழனியப்பன் ஓடிப்போய் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். காலையில் பூஜைக்கு வைத்ததில் மிச்சம்.

வீ.கா. ஒரு கையில் கேபிள், ஒரு கையில் தட்டு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சொருகும்போது பக்கத்தில் போய்ச் சொன்னேன். "வழியில நிக்கலீங்க. வந்து சேந்துட்டுத்தான்…"

"தெரியும்."

"விக்கிறதா…"

"போன் நீ பண்ணல."

பெட்டியில் பச்சை.

புரட்டாசி 17, வெள்ளி

காற்று. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஈர வாசனை.

டீசல் வண்டிக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. ராத்திரியே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. காலையில் சகலைகள் இரண்டு பேரும் மில்லுக்குள். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று வீ.கா. கண்டுபிடித்துவிட்டார். பிறகு யூனிட்டுக்குப் போன் போட்டு, மறுபூஜையை ஜெபாவை விட்டே போடச் சொன்னார். இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

சற்று முன் வண்டியைப் பார்த்தேன். சார்ஜ் 100 சதவீதம், நிறைந்துவிட்டது. பெட்டியில் விளக்கு அசையாமல் எரிகிறது.

திரும்பினால் வீ.கா. மறுபக்க ஜன்னலை ஒட்டி நிற்கிறார். திரை அவர் கண்ணுக்கு நேரே.

"எத்தனை ஆச்சு?"

"எழுபதுங்க."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நெறையட்டும். அவசரமில்ல," என்றார். உள்ளே பார்த்துச் சத்தமாக, "சரசு, மத்தியானத்துக்கு எனக்கும் சேத்து ஒலை வையி."