ஓர் அட்டைக்கு இரண்டு இருமல்

14 பிப்ரவரி 1978

இன்றோடு ஊசி முப்பத்தெட்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சின்னையா ஒருநாள் இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம் என்று முறை வைத்துக் குத்துகிறார். லாரி சீட்டில் உட்கார முடியவில்லை என்றால், "நின்னுக்கிட்டே ஓட்டுடா மரியராஜ்" என்கிறார். வாயைப் பார்! ஆனால் இருமல் குறைந்துவிட்டது, அதையும் எழுதத்தான் வேண்டும். மாத்திரைகளை மட்டும் டவுன் ஆஸ்பத்திரியில் டீபி அட்டையைக் காட்டி வாங்கிவந்து வீட்டில் விழுங்குகிறேன்.

கூலிமிலிருந்து வால்டர் வீட்டார் என் தங்கச்சி ஜோனைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை தமிழ்ப் பள்ளி வாத்தியார். அவன் அம்மா ஐந்தடி தள்ளி நின்று கேட்டாள்: "டீபி உங்களுக்கு மட்டும்தானே தம்பி? பொண்ணுக்கு ஒன்னும் இல்லையே?" இல்லை என்றேன்.

9 ஏப்ரல்

ஜோன் மூன்று வாரமாய் இருமுகிறாள். பனியாம். இந்த மெர்போக் வெயிலில் என்னடி பனி என்று கேட்டதும் அழுதுவிட்டாள்.

"அட்டை போட்டா தோட்டம் பூரா தெரிஞ்சிடும். கல்யாணம் போச்சு. உன் மாத்திரையிலேயே பாதி குடுலா அண்ணே."

யோசித்தேன். எனக்குத்தான் ஏறக்குறைய நல்லாகிவிட்டதே! கத்தியால் மாத்திரைகளை வெட்டினேன். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அம்மா அப்பா போன பிறகு எல்லாவற்றையும் அப்படித்தானே பங்கு போட்டுக்கொண்டோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

15 ஏப்ரல்

ஊசி முடிந்தது. பிட்டத்துக்கு விடுதலை!

3 ஜூன்

இரண்டு பேரும் தேறிவிட்டோம். ஜோன் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அக்டோபர் பதினான்கு கல்யாணம். நான் மட்டும் படித்திருந்தால் எவ்வளவு பெரிய டாக்டராகியிருப்பேன்.

11 ஜூலை

இருமல் திரும்பிவிட்டது. எனக்குத்தான். சளியில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சளியை எடுத்துக்கொண்டார்கள், அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமாம், பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். ரோஜாச் செடியா அது, வளர்த்துப் பார்க்க?

27 செப்டம்பர்

பதில் வந்தது. டாக்டர் சொன்னதை நர்ஸ் பிரேமாவதி தமிழில் சொன்னார்: "கிருமிக்கு இந்த மருந்து பழகிப்போச்சு. இனிமே கேக்காது. ஒழுங்கா முழுங்கினீங்களா?"

முழுங்கினேன் என்றேன்.

"வீட்டுல வேற யாரும் இருமுறாங்களா?"

இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பாதி மருந்து கொடுத்துக் கொடுத்துக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். இரண்டு நெஞ்சிலும். நேற்று ராத்திரி ஜோன் மறுபடி இருமினாளே... ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்!

28 செப்டம்பர்

ஜோனிடம் சொன்னேன். "கல்யாணம் வரைக்கும் வாயைத் திறக்காதே அண்ணே. அப்புறம் கூலிம்ல நானே அட்டை போட்டுக்குறேன்." போடுவாளா? மாமியாருக்குப் பயந்து அங்கேயும் யார் மாத்திரையையாவது வெட்டித் தின்பாள். வால்டரின் அக்கா குழந்தை வேறு அந்த வீட்டில் தவழ்கிறது.

1 அக்டோபர், ஞாயிறு

கோவிலில் மூன்றாவது முறையாக ஜோனின் கல்யாண ஓலையை வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்." பாதர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அங்கே யார் எழுந்திருக்கப்போகிறார்கள்?

எழுந்தேன். "தடை இருக்கு பாதர். பொண்ணுக்கு டீபி. என் மருந்துல பாதியை நான்தான் குடுத்தேன். தப்பு என்னோடது."

ஜோன் பாட்டுப் புத்தகத்தால் என் மண்டையில் அடித்தாள். கோவிலுக்குள்ளேயே. பாதர் தடுக்கவில்லை, பாவம், அவருக்கு அதிர்ச்சி. தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் ஜோன் என் காலில் விழுந்திருப்பாள், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

6 அக்டோபர்

எக்ஸ்ரே படம் எடுத்ததில் அவள் நெஞ்சிலும் ஓட்டை. அவள் பெண்கள் வார்டில், நான் ஆண்கள் வார்டில். வேறு மருந்து, சிவப்புக் காப்சூல், இருக்கிறதாம், ஆனால் இப்போதைக்கு ஒருவருக்குத்தான். இன்னொருவருக்கு எப்போது வரும்? "மேலே எழுதிப் போட்டிருக்கோம்" என்றார் பிரேமாவதி.

"அவளுக்கு" என்றேன். டாக்டர் தலையாட்டினார். இந்தத் தடவை வெட்டிப் பங்கு போட யாரும் சொல்லவில்லை.

18 நவம்பர்

வால்டர் வீட்டிலிருந்து நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்ததாம். ஜோன் என்னோடு பேசி நாற்பத்தெட்டு நாள். அந்தக் காப்சூல் சாயத்தில் அவளுக்கு மூத்திரம் சிவப்பாய்ப் போகிறதென்று பிரேமாவதி சொன்னார். முழு மருந்தும் உள்ளே போகிறதே என்று சந்தோஷத்தில் அழுதேன். எதற்கெல்லாம் அழுகிறான் பார் மனுஷன்.

2 டிசம்பர்

என் மருந்து வரவில்லை. நாற்பத்தொரு கிலோ. எழுத முடியவில்லை.

16 டிசம்பர்

காப்சூல் வந்துவிட்டது. அதோடு குமட்டுகிற வேறு மாத்திரைகளும், ஒரு கை நிறைய. நாளைக்குப் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு தாமதமாய் வந்து என்னத்தைக் கிழிக்கப்போகிறது?

ஜோன் கதவோரம் நின்றிருந்தாள். அவள் சளி இப்போது சுத்தமாம். கிட்டே வந்து தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும் இருக்கும். நீ முதல்ல போயிட்டா நான் யாரைத் திட்டுறதுலா? முழுங்கு."

ஒவ்வொன்றாய் விழுங்கினேன். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கிக் காட்டினேன்.