ஐந்தாவது பொம்மை

மட்டாஞ்சேரி,
நவராத்திரி ஆறாம் நாள், 1981

சீதாலக்ஷ்மிக்கு,

சிவசங்கரன் எழுதுவது. கொலுவிலிருந்து நீ எடுத்துச் சென்ற பொம்மையைத் திரும்பக் கேட்கவே இக்கடிதம். திருப்பூணித்துறையில் உன் பிறந்தகத்தில் எல்லார் முன்னிலையிலும் குரல் உயர்த்த விரும்பாததால், உன் அண்ணா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் தன்னையே ஐந்து களிமண் பொம்மைகளாகச் செய்தாள். பட்டுப்பாவாடைக்காரி, மலையாளத்துச் சரிகைக்கரைக் கசவு முண்டுக்காரி, சைக்கிள்காரி, அழுமூஞ்சி. ஐந்தாமவள் என் சட்டையும் என் மீசையுமாக. அந்த மீசை எனக்கும் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு மாமி, "சங்கரா, பொண்ணுக்கு மீசை மொளைச்சாச்சே! இனி பெண் பார்க்கப் போகணுமாக்கும்?" என்று சிரித்தபோது எனக்கும் உடம்பு கூசியது.

"அஞ்சும் நான்தான்பா. ஒண்ணை எடுத்தா மிச்சம் நாலும் பொய்" என்றாள் நம் பெண்.

படியேறிய பொம்மையை விஜயதசமிக்கு முன் இறக்கக் கூடாதென்பது உனக்குத் தெரியாதா? பெருமாள் பத்து வேஷம் போட்டால் கைகூப்புகிறாய். பெற்ற பெண் ஐந்து போட்டால் முந்தானையில் சுற்றி ஒளிக்கிறாய். இது என்ன நியாயம்?

மற்ற நான்கையும் அவள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நாளைக் காலை வருகிறேன். பொம்மையைப் பஸ்ஸில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அதே படியில், மாமி பார்த்துக்கொண்டிருக்கையில், என் கையாலேயே வைப்பேன்.

இப்படிக்கு,
உன் கணவன்