சிவப்புக் கோடு தானாக நகராது

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் நல்ல பனி. மலை தெரியவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் கரும்பு டிராக்டர் போவது காதுக்கு மட்டும் தெரிந்தது. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டேன். வேறு வேலை இல்லை. பிறகு டிவிதான்.

எழுத்து சொல்லிக் கொடுத்த டீச்சர் தினமும் நாலு வரி எழுதச் சொன்னார். எனக்கு நாலு போதவில்லை. ஆனால் மெதுவாகத்தான் வருகிறது. லூர்து என்று ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதினால் விரல் நோகிறது. இனி லூ. என் மனைவி.

பார்ப்பது கொரியா நாட்டுக் கதை. பேச்சு அவர்களுடையது, கீழே தமிழில் எழுத்து ஓடும். நான் வாய்விட்டுப் படிப்பேன், லூ. கேட்பாள். அவளுக்குப் படிக்க வராது. போன வருடம் வரை எனக்கும் வராது. எழுத்து நிற்காமல் ஓடிவிடுகிறது. ரிமோட்டை அழுத்தி நிறுத்தி, படித்து, மறுபடி ஓட விட வேண்டும்.

லூ.: "நீங்க படிச்சி முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு செத்தே பூட்டான்."

சாகவில்லை. மயக்கம். அதையும் நான்தான் படித்துச் சொன்னேன். பெரிய சந்தோஷம்.

கதை: கடற்கரை ஊர். ஒரு படகு எரிந்துபோகிறது. கொளுத்தியது யார் என்று தெரியவில்லை. சூப்புக்கடைக்காரரின் மகன் மேல் பழி விழுகிறது, அவன் பட்டணத்துக்கு ஓடிவிட்டான். பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் குடைக்காரி, கண்ணாடிக்காரன், சூப்புக்காரர் என்று வைத்துக்கொண்டோம். எனக்குக் கண்ணாடிக்காரன் மேல் சந்தேகம். லூ.வுக்குக் குடைக்காரி மேல்.

புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் வந்தால் லூ. தன் பழைய ஊதாச் சேலையை டிவி மேல் போட்டு மூடுவாள். ஈஸ்டர் வரை கறி கிடையாது, படம் கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட மீறியதில்லை. ஆக, செவ்வாய்க்குள் பதினாறு பகுதியையும் முடிக்க வேண்டும். இன்று ஏழாவதின் பாதியில் நிறுத்தினோம். கண் எரிகிறது.

பிப்ரவரி 14, சனி

பனி கம்மி.

ஒரு விஷயம் சரியில்லை. டிவியைப் போட்டதும் பார்த்துக்கொண்டிருந்த படம் முதலில் நிற்கும். அதன் அடியில் சிவப்புக் கோடு. எவ்வளவு பார்த்தோமோ அவ்வளவு நீளம். நேற்று பகுதி 7, பாதிக் கோடு. இன்று ப. 9. முக்கால் கோடு.

யாரோ எங்களுக்கு முன்னால் ஓடுகிறார்கள்.

லூ.வைக் கேட்டேன். "எழுத்துத் தெரியாதவ தனியா ஒக்காந்து இன்னா பாக்கறது? ஊமைப் படமா?" என்றாள். நியாயம். ஆனாலும் நேற்று மாலை பால் வாங்க நான் போயிருந்தபோது அவள் தனியாக இருந்தாள். இன்று, "குடைக்காரி ஏழாவுலயே அழுதுட்டா, அவ கொளுத்தி இருக்க மாட்டா" என்று கட்சி மாறினாள். எப்படி மாறினாள்?

பக்கத்து வீட்டு சகாயத்திடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"டிவியில இன்னா பாக்கற சகாயம்?"

"கிரிக்கெட்டு மாமா. நீங்க என்னமோ மலையாளப் படம் பாத்துகினு இருக்கீங்களாமே, நாள் பூரா?"

கொரியாவுக்கும் மலையாளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவன் இல்லை.

ஏழுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து பார்த்தோம். ப. 10 வரை. லூ. நடுவில் குறட்டை. எழுப்பி, விட்டதை மறுபடி படித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலைப் பூசை. வாசலில் செருகியிருந்த போன வருடத்துக் குருத்தோலையை எடுத்துப்போய்க் கோயிலில் கொடுத்தேன். அதை எரித்துத்தான் புதனுக்குச் சாம்பல்.

வீட்டைப் பூட்டியது நான். சாவி என் இடுப்பில். சகாயத்திடம் இருந்ததையும் நேற்றே வாங்கிவிட்டேன். (ஏன் என்று கேட்டான். துரு எடுக்க என்றேன்.) லூ. பூசை முழுக்க என் கண் எதிரில், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. நான் அதிகமாக அந்தப் பக்கம் பார்த்ததாக அவளுக்குக் கோபம்.

வந்து போட்டால் ப. 13.

லூ. சிலுவை போட்டுக்கொண்டாள். "பொட்டி கெட்டுப்போச்சி. ஆரோவுக்கு ஒரு போன் போடுங்க."

ஆரோ எங்கள் மகன். மெட்ராஸ் பக்கம் கார் சாமான் செய்யும் கம்பெனி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இதையெல்லாம் அவன்தான் போட்டுக் கொடுத்தான். பணம் அவன் கட்டுகிறான். போட்டதும் வட்டமாக ஒரு முகம், கீழே 'ஆரோ' என்று தமிழில். நான் படிக்க வேண்டும் என்று தமிழில் அடித்தான். தினமும் முதலில் அதைத்தான் படிக்கிறேன்.

மாலையில் எடுத்தான்.

"ஓவர்டைம்ப்பா. இப்பதான் கேட்டுக்கு வெளிய வரேன். டிவிய ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போடு, சரியாப் பூடும்."

"சாப்டியா?"

"ம்."

குரல் கேட்டில் நிற்பவன் குரலாக இல்லை. பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. மின்விசிறி சத்தம். எனக்கு எதைக் கேட்டாலும் சந்தேகம் வந்துவிட்டது, இந்தக் கதையைப் பார்த்துப் பார்த்து.

பிப்ரவரி 16, திங்கள்

வெயில். மலை நன்றாகத் தெரிந்தது. மேலே எங்கோ புகை.

காலையில் ப. 12 ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது. கறுப்புத் திரை. நடுவில் எழுத்து. லூ. "அமுக்குங்க, அமுக்குங்க" என்றாள். நான் அமுக்கவில்லை. எழுத்து வந்தால் படித்துவிட்டுத்தான் மறுவேலை.

"இந்தக் கணக்கு இப்போது வேறொரு கருவியில் பயன்பாட்டில் உள்ளது."

கருவி என்ற பாடம் எங்கள் புத்தகத்தில் வந்தது. மண்வெட்டி, அரிவாள், கலப்பை படம் போட்டிருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அடியில் சின்னதாக இன்னொரு வரி. 'ஆரோ - கைபேசி.'

பெட்டி கெட்டுப்போகவில்லை. முன்னால் ஓடுகிறவன் ஆரோ. அவனுடைய அந்த வட்ட முகத்தை அமுக்கித்தான் நாங்களும் உள்ளே போகிறோம். கோடு எல்லோருக்கும் ஒன்று.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவன் கம்பெனிக்குள் போனை எடுத்துப்போக விடமாட்டார்கள். கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான். திங்கள் காலை, டூட்டி நேரம். நேற்று ஓவர்டைம் என்றானே, அப்போதும் கோடு நகர்ந்தது.

அப்படியானால் அவன் கம்பெனியில் இல்லை. ரூமில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம். பொங்கலுக்கு வராதது. கிறிஸ்துமஸில் சட்டை தொளதொளவென்று இருந்தது. எல்லாம் இப்போது தனித்தனியாக ஞாபகம் வருகிறது.

போன் போட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். கேட்டால் டூட்டி என்பான். அவனைப் பொய் சொல்ல வைத்து நான் என்ன கண்டேன்.

லூ.: "இன்னா எழுதி இருந்திச்சி?"

"கொஞ்ச நேரம் கழிச்சிப் போடச் சொல்றான்."

படிக்கத் தெரியாதவளிடம் தப்பாகப் படித்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தையே பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை முதல் கறி இல்லை என்பதால் கோழி அடித்தோம். குழம்பு, வறுவல்.

ப. 15. கடைசிக்கு முந்தியது. பட்டணத்துக்கு ஓடிய மகன் மழையில் நனைந்து வந்து சூப்புக்கடை வாசலில் நிற்கிறான். உள்ளே வரவில்லை. அப்பா திரும்பிப் பார்க்கிறார். ஒரு கிண்ணம் எடுத்து ஊற்றி மேசையில் வைக்கிறார். எழுத்து வந்தது. நிறுத்திப் படித்தேன்.

"நான் எதுவும் கேட்க மாட்டேன். முதலில் சாப்பிடு."

அப்படியே விட்டு டிவியை அணைத்தேன்.

லூ. குதித்தாள். "இன்னும் ஒண்ணுதான கீது. யாரு கொளுத்துனான்னு தெரியாம ஈஸ்டர் வரிக்கும் நான் எப்படித் தூங்குவேன்?"

எனக்கும் தெரியவேண்டும். கை ரிமோட்டுக்குப் போகிறது. ஆனால் மேலே ஓட்டினால் கோடு போய்விடும். அந்தக் கிண்ணத்தில் நிற்க வேண்டும். ஆரோ திறந்தால் அங்கேதான் திறக்க வேண்டும்.

"போதும், கண்ணு வலிக்குது" என்றேன்.

அவள், "அந்தக் கடைசியாப் படிச்சத இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள். பார்க்காமலே சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்பில் கால் இரண்டையும் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள்.

"யாருக்கு?"

"பூனைக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

பனி இல்லை. நெற்றியில் சாம்பல். எங்கள் வாசல் ஓலையும் அதில் ஒரு துளி இருக்கும்.

லூ. ஊதாச் சேலையைப் போட்டு மூடினாள். அவள் ஆட்டுப்பட்டிக்குப் போனதும் ஓரத்தைத் தூக்கி, டிவியைப் போட்டுப் பார்த்தேன். படம் பார்க்கவில்லை, கோடு மட்டும். ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும்.

கோடு வைத்த இடத்திலேயே இருந்தது. திறக்கவே இல்லையா. திறந்துவிட்டு நகர்த்தாமல் விட்டானா. காலை முழுக்க இதே.

மதியம் பஸ் நின்ற சத்தம். ஆரோ. தோளில் பை, கையில் சுருட்டிய பாய், பிளாஸ்டிக் பக்கெட். லீவுக்கு வருகிறவன் பக்கெட் எடுத்து வரமாட்டான். வாசலிலேயே நின்றான்.

"மொதல்ல சாப்புடு" என்றேன்.

லூ. கிண்ணத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். இன்று கறி ஆகாது என்றான் அவன். "பயணம் வந்தவனுக்கு நோன்பு இல்ல, தின்னு" என்றாள். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. தலையைத் தூக்காமல் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்து, "கடைசிய இன்னாத்துக்குப்பா வுட்டுட்ட? நான் முன்னாடியே பாத்துட்டன். கொளுத்துனது யாருன்னு சொல்லட்டா?" என்றான்.

"வாயத் தொறந்த, தொலைச்சிப்புடுவன். ஈஸ்டருக்கு மூணு பேரும் ஒக்காந்து பாக்கறம்."

"அது வரிக்கும் நான் இங்க இருக்கணுமே."

"இரு."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் உள்ளே போய்ப் படுத்தான். பக்கெட்டை லூ. எடுத்துப்போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எழுந்ததும் பேச்சுவாக்கில், "எனக்குக் கண்ணாடிக்காரன் மேலதான் சந்தேகம்" என்றேன். ஆரோ சிரித்தான்.

ஏன் சிரித்தான்?