முதலிடம் பெற்றவளைத் திருப்பிக் கேட்கும் ஓலை

திருவும் மழையும் பொய்யாதிருக்க. செவ்வாறு கடலோடு கூடும் கடல்முகப் பட்டினத்திருந்து செங்கோல் செலுத்தும் கோ ஆதன் பெருவரையர் திருவடிக்கீழ்ப் பணிசெய்யும் கல்விப் பேரதிகாரி, பொழிலூர் கிழான் நாகன் காரி, குடவரை நாட்டு முதலமைச்சர், மலைவாயில் உடையார், ஆநிரை புரக்கும் எயினன் சாத்தனார் சமுகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மன்னர் நெடிது வாழ்க. தங்கள் மலைச்சாரலில் புல் குறையாதிருக்க. தங்கள் தொழுவங்களில் கோமாரி நீங்கிக் கன்றுகள் தாய்மடி மறவாதிருக்க. எங்கள் நாட்டில் யாவரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதினேன், தாங்கள் நம்ப வேண்டாம்.

சென்ற வைகாசியில் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கோமாரி கண்டு நாக்குப் புண்ணாகி, குளம்பு வெடித்து, சாகக் கிடந்த தங்கள் ஆநிரையை ஆறு கடந்து வந்த ஒரு பெண் இரவும் பகலும் கழுவி மருந்திட்டுக் காத்தாள் என்றும், எங்கே கற்றாய் என்று கேட்டதற்குக் கடல்முகத்து அரச கல்விச்சாலை என்று மட்டும் சொன்னாள் என்றும், இத்தகையோரை உருவாக்கும் கல்வி முறையின் படி ஒன்று தங்களுக்கு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பிறநாட்டு ஓலையை, அது யார் பெயருக்கு வந்ததோ அவரே நிறைந்த அவையில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது எங்கள் மரபு. முன்னதாகத் தனியே ஒருமுறை படித்துப் பார்ப்பதற்குத் தடையில்லை. முதல் வரியில் புகழுரையைக் கண்டவுடன் எனக்கு அந்தப் பொறுமை இல்லாமற் போயிற்று. தாடியைச் சீவிக்கொண்டு அவைக்குப் போனேன். இடப்புருவத்தில் தழும்புள்ள பதினாறு வயதுப் பெண் என்ற இடம் வந்தபோது அவள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் மரபு கெடுமே என்று மீதியையும் படித்து முடித்தேன். நான்கு திங்களாக அரசர் தேடிக்கொண்டிருந்தவள் இருக்கும் இடத்தை நானே என் வாயால் அவைக்கு அறிவித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது அவள்.

அவள் பெயர் அவனி. வெள்ளளம் என்னும் உப்பளத்து ஊரில் உப்பு வாரும் கூத்தனின் மூத்த மகள். எங்கள் நாட்டில் பதினாறு வயது நிரம்பிய மாணாக்கர் யாவரும் வரிசைத் தேர்வு எழுதுவர். சென்ற ஆண்டு எழுதியோர் நானூற்றுப் பன்னிருவர். முதலிடம் பெறுபவர் கணியர் மாடத்தில் ஏறி விண்மீன்களைக் கணிக்க வேண்டும். அடுத்த பதின்மர் ஓலைச்சாலைக்கு. அவர்க்குப் பின்னோர் நிலம் அளக்க. எண்பதாம் இடத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆநிரை மருத்துவம். வந்த இடத்தை மறுத்தல் குற்றம். இந்த ஏணியைச் செய்து நிறுத்தியவன் நான். பிள்ளைகளுக்கு எதிர்காலம் அமைத்துக் கொடுத்தேன் என்று இதற்காக எனக்குப் பட்டாடை போர்த்தினார்கள். அது இன்னும் பெட்டியில் இருக்கிறது, கட்டத் துணிவில்லை.

இந்த ஏணிக்கு முன்பு எங்கள் கல்விச்சாலையில் மனங்கேள் நாழிகை என்று ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஒருநாள், ஓர் ஆசிரியர் ஒன்பது பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்வார். பாடம் கிடையாது. உண்டாயா, உறங்கினாயா, யாரைக் கண்டு அஞ்சுகிறாய், என்ன ஆக விரும்புகிறாய் என்று நான்கு கேள்விகள் கேட்பார். சில பிள்ளைகள் அழும், சில சிரிக்கும், பல பேசாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். வெட்டிப் பேச்சு என்று நான்காண்டுகளுக்கு முன் அதை நிறுத்தி, அந்த நாழிகையைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்தேன். ஆசிரியர் முணுமுணுத்தபோது, தேர்வு எழுதுவோர் தம் விருப்பத்தை ஏட்டில் எழுதிப் பானையில் இடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆணையிட்டேன். ஆண்டுதோறும் பானை நிறைந்தது. அதன் வாய்த்துணியை ஒருநாளும் அவிழ்த்தேனில்லை.

இனித் தேர்வு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வினாக்களில் அவனி இருபத்திரண்டுக்கு விடை எழுதாமல் ஏடுகளைக் கட்டிக் கொடுத்தாள். எப்போதும் முதலாவதாக வருபவள். காய்ச்சலோ, கலக்கமோ என்று என் மனம் பதறிற்று. அவள்மேல் எனக்கு இரக்கம் இருந்தது, ஐயா; இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். மறுநாள் என் அறையிலேயே அவளை உட்கார வைத்து, சுக்குக் கஞ்சி வரவழைத்துக் கொடுத்து, மீண்டும் எழுதுக என்று என் கையாலேயே ஆணை எழுதினேன். தனக்குக் காய்ச்சல் இல்லை என்றும், தெரியாமல் விடவில்லை, எண்ணிப் பார்த்தே விட்டதாகவும் அவள் சொன்னாள். நான் அதை அச்சத்தின் பேச்சு என்று கொண்டேன். உன் தகப்பன் வெயிலில் உப்பு வாருவது எதற்காக என்று எண்ணிப் பார், கல்விச்சாலையின் பெயரையும் எண்ணிப் பார் என்று கனிவாகவே சொன்னேன். கஞ்சியைத் தள்ளி வைத்தாள். பிறகு அறுபதுக்கும் எழுதினாள். ஒன்றும் பிழையில்லை.

வெள்ளளத்தார் உப்பு வண்டிக்கு மாவிலை கட்டி அவளை ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். கூத்தன் பின்னாளில் என்னிடம் வந்து, அன்று வண்டியைப் பார்த்தேனே ஒழிய வண்டியில் இருந்தவள் முகத்தைப் பார்க்கவில்லை என்றான். கணியர் மாடத்தில் அவள் நான்கு திங்கள் இருந்தாள். குறை சொல்ல முடியாதபடி கணித்தாள், யாரோடும் பேசவில்லை, உண்டது பாதி, வைத்தது பாதி. தை முடிவில் மாட்டு வணிகரோடு ஆறு கடந்துவிட்டாள். அவள் போன பிறகே நான் பானையின் துணியை அவிழ்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம். அவள் ஏடு மேலாகவே கிடந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "எங்கள் ஊர் மாடுகள் ஒரே கோடையில் பதினேழு செத்தன. நாக்கைக் கழுவவும் குளம்பில் மருந்து வைத்துக் கட்டவும் நானாகவே பழகியிருக்கிறேன். மேலும் கற்க வேண்டும். விண்மீன்களுக்கு நோய் வருவதில்லை, அவற்றுக்கு நான் தேவையில்லை. என்னை எண்பதுக்குக் கீழே விடுங்கள்." அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்ட மறுநாளே அரசாணை பிறந்தது. ஆறு கடந்தவரை அவர் உடன்பாடின்றித் திருப்பி அனுப்புவதில்லை என்று நம் இரு நாடுகளுக்கும் உடன்படிக்கை உண்டு. ஆகவே அவளை உடன்பட வைக்க அரசர் ஒரு வழி கண்டார். ஆடி முழுமதிக்குள் அவனி திரும்பி வந்து மாடமேறாவிட்டால், அவள் தங்கை வல்லி, வரும் ஆண்டு தேர்வு எழுதவேண்டியவள், கல்விச்சாலையிலிருந்து பெயர் நீக்கப்பட்டு உப்பளத்துக்கு அனுப்பப்படுவாள். இதனைத் தனி ஏட்டில் எழுதி அவனியின் காதில் விழும்படி படிக்கச் செய்க என்பது ஆணை. தமக்கைக்காகத் தங்கையைத் தண்டித்தல் முறையோ என்று பணிந்து கேட்டேன். ஏணியில் ஒருத்தி இறங்கினால் எல்லோரும் இறங்குவர் என்று நீர்தாமே முன்பு இந்த அவையில் சொன்னீர் என்று அரசர் நினைவூட்டினார். சொன்னது உண்மை. மனங்கேள் நாழிகையையாவது மீட்டுத் தர வேண்டினேன். சென்ற ஆண்டைப் போல் தேர்ச்சி என்றுமே இருந்ததில்லையே என்று அவையினர் வியந்தார்கள்.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. அவள் வந்தால் அந்த மாடம் அவளைத் தின்றுவிடும். வராவிட்டால் வல்லிக்கு உப்புக் கரிக்கும் வெயில்தான் வாழ்நாள் முழுவதும். இரண்டுக்கும் வித்திட்டவன் நிழலில் உட்கார்ந்து ஓலை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் பொய். சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதுகிறவள் வேறு. தேர்வுக்கு முந்தைய ஆண்டு மாணாக்கர் ஒரு திங்கள் அரசப் பணியிடங்களில் தொழில் பழக வேண்டும் என்பது எங்கள் முறை. இத்திங்கள் ஓலைச்சாலைக்கு வந்த பிள்ளை வல்லி. இது என் ஏற்பாடு அன்று. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராயினும், அவர் உள்ளம் கல்தான்.

அவனிக்குரிய தனி ஏட்டை முதலில் சொன்னேன். ஆறு வரிகள். திரும்பி வரும்படி அழைக்கும் மூன்று வரிகளை வல்லி எழுதினாள். தன்னைப் பற்றிய நான்காம் வரி வந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்தாள். இதைக் கேட்டால் அக்கா வந்துவிடுவாள், ஆகையால் எழுதமாட்டேன், என்னைத் தண்டித்துக்கொள்ளுங்கள் என்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். வேறொருவரை அழைத்து எழுதுவித்திருக்கலாம். அழைக்கவில்லை. அதற்குப் பதிலாக, என் பணிக்காலத்தில் முதன்முறையாக ஒரு பிள்ளையிடம், நீ என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் எண்ணிப் பார்க்கவில்லை என்றாள். பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த பிள்ளை, ஐயா. பிறகு வெறுமையாய் விட்ட மூன்று வரி இடத்தின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி அரச முத்திரையை இட்டேன், இனி எவரும் அங்கே எதையும் எழுத முடியாதபடி. ஆடி முழுமதியன்று இது வெளிப்படும். என் பதவி போகும், அது போகட்டும். ஆனால் வல்லியின் பெயரும் ஏட்டிலிருந்து போகும். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்னும் எட்டு நாளில் இவ்வாண்டுத் தேர்வு. நானூற்று முப்பது பேர். பயிற்சி மணி இப்போதும் அடித்துக்கொண்டிருக்கிறது.

தாங்கள் கேட்ட கல்வி முறையின் படியை அனுப்பவில்லை. அந்த ஏணியைத் தங்கள் நாட்டில் நாட்ட வேண்டாம். அதில் நான் நீக்கியதை மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்க. அவனியை ஒரு நாழிகை உட்கார வைத்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்க. அவள் விடையை எனக்கு எழுத வேண்டாம். அதை அறியும் உரிமை எனக்கில்லை. அதன்பின் இத்துடன் கோத்த மூன்று வரி ஏட்டை அவள் கேட்கப் படித்து, ஆணை நிறைவேறியது என்று எங்கள் அரசருக்கு அறிவிக்க. இவ்வோலையையோ அவள் கண்ணில் படாமல் தீயிலிடுக.

ஆட்சியாண்டு பதினேழு, ஆனித் திங்கள் தேய்பிறை நாலாம் நாள். இவை கல்விப் பேரதிகாரி நாகன் காரி சொற்கள். மேலுள்ளது அரச முத்திரை. பிழை முழுதும் என்னுடையது. மலையும் கடலும் உள்ளளவும் தங்கள் நாடு பிள்ளைகளின் முகம் பார்த்து வாழ்க.

இவை சொல்லக் கேட்டு எழுதினேன், ஓலைச்சாலையில் தொழில் பழகும் மாணாக்கி, வெள்ளளத்துக் கூத்தன் மகள் வல்லி. அக்கா என்னைப் பற்றிக் கேட்டால், நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லவும்.