வலியைச் சொல்லாத உங்களுக்கு

இன்று மதியம் கேன்டீனில் யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய் வாசனை. மின்விசிறிக் காற்றில் அது என் மேசை வரைக்கும் வந்தது. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். ஊத்துக்குளியில் உங்கள் தங்கை வீட்டிலிருந்து வரும் நெய்யைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து, கேட்காமலேயே என் சோற்றில் ஊற்றுவீர்கள். அதற்குச் சற்று முன்புதான் இருவரும் தையல் லைன் நடுவே நின்று கத்திக்கொண்டிருந்திருப்போம்.

கத்தாமல் எப்படி? நான் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர், நீங்கள் தரம் பார்க்கும் குவாலிட்டி. பீஸ் வெளியே போயாக வேண்டும் என்பேன். தையல் கோணல், பிரித்துத் தையுங்கள் என்பீர்கள். அருள்புரத்தில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் இந்த இரண்டு பிரிவும் முறைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நீங்கள் எதையும் முதலாளியிடம் கொண்டுபோகும் முன் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவீர்கள். "அம்மணி, இது நாளைக்குப் பெரிசாகுமுங்க. இன்னைக்கே சொல்லிப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க." கோபம் வரும். சாப்பிட உட்காரும்போது போய்விடும்.

குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர் ஓடிய நாள் ஞாபகம் இருக்கிறது. மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டைக் கண்டுபிடிக்கும் வரை வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. அன்று முனை உடைந்த ஊசி ஒன்று குப்பைக் கூடையில் கிடந்தது. முனையைக் காணவில்லை. யாரோ பயந்துபோய்ச் சொல்லாமல் ஊசியை மாற்றித் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் லாரி நிற்கிறது. நான் "யார் பண்ணுனது?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு தலையும் நிமிரவில்லை.

நீங்கள் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னீர்கள். "யாருன்னு நான் கேக்கலீங்க. எந்த மிசின்னு மட்டும் சொல்லுங்க, போதும். பச்சக் கொழந்தைக போடற துணிங்க" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு டெய்லர் அழுதுகொண்டே தன் மிஷினைத் தொட்டுக் காட்டினாள். அவள் தைத்த கட்டுகளை எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். ஒரு கழுத்துப் பட்டியின் மடிப்பில் முனை இருந்தது.

முதலாளி வந்து கேட்டபோது, "எங்க ரெண்டு பேர் பொறுப்புலயும் நடந்ததுங்க" என்றீர்கள். அவர் போனதும் நான் சண்டைக்கு வந்தேன். "என்ற லைன்ல நடந்ததுக்கு நீங்க எதுக்குங்ணா ஏத்துக்கறீங்க?"

"பாதி உங்களுது, பாதி எங்களுதுன்னு ஆர்டர் குடுக்கற பையர் பிரிச்சா வாங்கறான்? சரக்கு ஒண்ணுதானுங்க அம்மணி" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு லைனில் ஊசி உடைந்தால் கை தானாக உயர்ந்தது. தப்பை மறைக்காத லைன் என்று எங்களுக்குப் பெயரே வந்தது. அதைச் செய்தது நீங்கள். அதனால்தான் கடைசியில் நீங்கள் பண்ணியது எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

அந்தக் கடைசி வாரம் நீங்கள் செக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. "என்னங்ணா பண்ணுது?" என்று கேட்டேன். "வாயுத் தொந்தரவுங்க" என்றீர்கள். இன்னொரு முறை கேட்டதற்கு, சரக்கைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். சனிக்கிழமை சரக்கு போனது. ஞாயிறு காலை மண்ணரையில் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, நீங்கள் இல்லை என்று.

உங்கள் வீட்டில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெஞ்சு வலின்னு எங்கிட்ட சொன்னாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்டா, நான் போயிட்டா அங்க எல்லாருக்கும் கஷ்டம், சரக்குப் போயிரட்டும்னாருங்க." அந்த 'எல்லாரும்' நாங்கள்தான். எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாமே. உங்கள் மேசையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்றிருக்க மாட்டோமா?

காரியம் முடிந்து கேன்டீனில் உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். முதலாளி பேசினார். கெட்ட மனிதர் இல்லை, உங்களுக்காக அழுதவர்தான். "நெஞ்சு வலியோட வந்து சரக்க அனுப்பிவெச்ச மனுசனுங்க. டீம்னா இப்பிடி இருக்கோணும். நாம எல்லாரும் அவர மாதிரி இருக்கோணும்" என்றார். கை தட்டினார்கள். முன்னால் உட்காரவைத்திருந்த உங்கள் மனைவி தலை குனிந்துகொண்டார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. அவருகிட்ட நாங்க கத்துக்கிட்டது நெறைய இருக்குதுங்க. ஆனா இத மட்டும் யாரும் கத்துக்க வேண்டாமுங்க."

கை தட்டல் நின்றுவிட்டது. முதலாளி முகம் கறுத்தது. அப்புறம் கொஞ்ச நாள் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. எது வேண்டுமானாலும் மேனேஜர் மூலமாகத்தான். ஓடுகிற லைனை நான் கெடுக்கிறேன் என்று என் காது படவே மேனேஜர் சொன்னார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, நான் பேசியது உங்களை அவமானப்படுத்தியதோ என்ற நினைப்புதான் அதிகம் படுத்தியது. இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை.

போன மாதம் ஒரு ஒடிசாப் பெண், எங்களிடம் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். தமிழ் அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வலி. ரொம்ப. மிஷின் முடியாது" என்றாள். அன்றும் அவசர ஆர்டர். மேனேஜர் தன் மேசையிலிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் இன்னொருத்தியைத் துணைக்கு அனுப்பி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவள் மிஷினில் நானே உட்கார்ந்து தைத்தேன். இருந்தும் டார்கெட் குறைந்துபோனது. எல்லோர் முன்னாலும் வசவு வாங்கினேன்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறந்துவிட்டாள் என்று போன் வந்தபோது லைனே எழுந்து நின்றது. முதலாளி வந்தார். மேனேஜரிடம், அவள் திரும்பி வரும்வரை அந்த மிஷினுக்கு வேறு ஆள் போடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன். அவளுக்காக இல்லைங்ணா. அரைகுறைத் தமிழிலேயே அவளால் 'வலி' என்று சொல்ல முடிந்ததே.